ஆண் தசை, பெண் தசை, ஹார்மோன் ஏற்பி: இந்த ஆய்வுக் கட்டுரைகளை எப்படிப் படிப்பது

"பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கம்மி, எவ்வளவு வெயிட் தூக்கினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் டிரெயினர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது அதோடு ஏதாவது ஒரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் காட்டுகிறார்கள். பிசியோதெரபி, உயிர்வேதியியல், உடற்கல்வி படிக்கிறவர்களுக்கு இதே மாதிரிக் கட்டுரைகள் செமினாருக்கும் வரும். ஆணின் தசையிலும் பெண்ணின் தசையிலும் ஹார்மோன் ஏற்பிகள் வேறு மாதிரி வேலை செய்கின்றன என்று ஒரு கட்டுரை சொன்னால், அது சொல்வதும் அது அளந்ததும் ஒன்றுதானா என்று நீங்களே பார்த்துவிட முடியும். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நினைவிருந்தால் போதும், பொறுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் எவ்வளவு ஹார்மோன் ஓடுகிறது என்பது ஒரு கேள்வி. தசை செல்லுக்குள் அதைப் பிடிக்கும் ஏற்பி எவ்வளவு இருக்கிறது என்பது இரண்டாவது. பிடித்த பிறகு அந்த ஏற்பி என்ன செய்கிறது என்பது மூன்றாவது. பல கட்டுரைகள் இதில் ஒன்றை அளந்துவிட்டு இன்னொன்றுக்குப் பதில் சொல்கின்றன. அந்தத் தாவல் எந்த வரியில் நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

எந்த ஏற்பியைப் பற்றிப் பேசுகிறார்கள்?

கட்டுரையைத் திறந்ததும் இதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் "ஹார்மோன் சிக்னல்" என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று முரணான வேலை செய்யும் ஏற்பிகள் எல்லாம் அடங்கிவிடுகின்றன.

ஆண்ட்ரோஜன் ஏற்பி டெஸ்டோஸ்டிரோனைப் பிடிப்பது. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதனால் ஆண்களுக்கு ஒரே பிரதிதான். பெண்களுக்கு இரண்டு இருந்தாலும் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் அணைக்கப்பட்டிருக்கும், ஆகவே பிரதிகளை எண்ணி "பெண்களுக்கு இரட்டிப்பு ஏற்பி" என்று கணக்குப் போட முடியாது. ஹார்மோன் வராத நேரத்தில் இந்த ஏற்பி செல்லின் திரவத்தில் ஹெச்எஸ்பி90 போன்ற காவல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஹார்மோன் வந்து ஒட்டியதும் வடிவம் மாறி, நியூக்ளியஸுக்குள் போய், இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்து, டிஎன்ஏவில் தனக்கென்று இருக்கும் இடங்களில் உட்கார்ந்து சில மரபணுக்களை முடுக்கிவிடும். புராஸ்டேட்டிலும் தோலிலும் டெஸ்டோஸ்டிரோன் முதலில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறித்தான் வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறது, ஆனால் தசைக்கு அந்த மாற்றம் அவசியமில்லை. டூட்டாஸ்டெரைடு என்ற மருந்தைக் கொடுத்து அந்த மாற்றத்தைத் தடுத்தும் ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் தசையை வளர்த்தது, 2012ல் வெளியான மருத்துவப் பரிசோதனை ஒன்று இதைக் காட்டியது.

அடுத்தது ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள். 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் முதல் ஏற்பியை அடையாளம் கண்டார், அதைத்தான் இப்போது ஆல்ஃபா என்கிறோம். பீட்டாவை 1996ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள், அதுவும் ஆண் எலியின் புராஸ்டேட்டில். இவை இரண்டும் இல்லாமல் செல்லின் சவ்வில் இருந்துகொண்டு, மரபணு வரை போகாமலே நிமிடக்கணக்கில் வேலை செய்யும் மூன்றாவது ஒன்றும் உண்டு, ஜிபிஇஆர் என்று எழுதியிருப்பார்கள். மனிதத் தசையில் ஆல்ஃபாதான் மிக அதிகம். இது பெண்களுக்கான ஏற்பி என்று நினைத்துவிடாதீர்கள், ஆண்களின் தசையிலும் இருக்கிறது, அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது.

பலரும் மறந்துவிடுவது குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி. இது கார்ட்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோனைப் பிடித்து, தசைப் புரதத்தைச் சிதைக்கும் மர்ஃப்1, அட்ரோஜின்1 போன்றவற்றின் மரபணுக்களை முடுக்கும். ஆண்ட்ரோஜன் ஏற்பி கட்டுகிறது என்றால் இது பிரிக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரியில் அளந்த கட்டுரை கிடைத்தால் அதை விடாதீர்கள், ஒன்றை மட்டும் அளந்த கட்டுரையைவிட அது எவ்வளவோ மேல்.

ரத்த அளவுகள் கையில் இருக்கட்டும்

மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் அளந்தால் ஆரோக்கியமான இளம் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்குச் சுமார் 8 முதல் 29 நானோமோல், பெண்களுக்குப் பொதுவாக 2க்கும் கீழே. சராசரியில் 15 மடங்கு அளவுக்கு வித்தியாசம், இரண்டு வரம்புகளும் ஒன்றோடொன்று உரசக்கூட இல்லை. இது உண்மைதான், மறைக்கவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

ஈஸ்ட்ரடையாலில் கதை வேறு. மாதவிடாய் தொடங்கிய நாட்களில் மில்லிலிட்டருக்குச் சில பத்து பிக்கோகிராமாக இருப்பது, முட்டை வெளிவருவதற்குச் சற்று முன்னால் சில நூறைத் தொடும். ஆண்களுக்குப் பொதுவாக 10 முதல் 40. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது அதே வயது ஆண்களைவிடவும் கீழே போய்விடுகிறது. 60 வயது அம்மாவைவிட 60 வயது அப்பாவின் ரத்தத்தில் ஈஸ்ட்ரடையால் அதிகமாக இருப்பது சாதாரணம் என்று தெரிந்தால், "பெண் ஹார்மோன்", "ஆண் ஹார்மோன்" என்று பிரித்துப் பேசுவதை நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

டெஸ்டோஸ்டிரோனை எந்த முறையில் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். சாதாரண லேப்களில் பயன்படும், ஆன்டிபாடியால் ஹார்மோனைப் பிடித்து அளக்கும் இம்யூனோஅஸே முறை ஆண்களின் அளவுக்குப் பரவாயில்லை, பெண்களின் குறைந்த அளவுகளில் அது தடுமாறும், அங்கே மற்ற ஸ்டீராய்டுகளையும் சேர்த்து எண்ணிவிடும். ஆண்களையும் பெண்களையும் ஒப்பிடும் கட்டுரை இந்த முறையை மட்டும் நம்பியிருந்தால், பெண்களின் எண்களைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.

ரத்தத்தை மட்டும் பார்த்தால் எங்கே சறுக்கும்

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2012ல் வந்த ஒரு ஆய்வு இதற்கு நல்ல பாடம். இளம் ஆண்களும் பெண்களும் கனமான கால் பயிற்சி செய்தார்கள், புரதம் குடித்தார்கள். பயிற்சிக்குப் பிறகு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறியது ஆண்களுக்குப் பெண்களைவிட 45 மடங்கு. ஆனால் தசைநாரில் புதுப் புரதம் உருவாகும் வேகம் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. பயிற்சி முடித்த சில நிமிடங்களில் ஏறி இறங்கும் அந்த ஹார்மோன் அலையை நம்பி எத்தனையோ பேர் பயிற்சி அட்டவணை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதே பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வில், ஏற்கெனவே பயிற்சி பழகிய 49 இளம் ஆண்கள் 12 வாரம் வெயிட் தூக்கினார்கள். யாருக்குத் தசை அதிகம் வளர்ந்தது என்பதை ரத்த ஹார்மோன்களை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதிகம் வளர்ந்தவர்களின் தசையில் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் அளவுதான் கூடுதலாக இருந்தது. இதைப் படித்ததும் "அப்படியானால் பெண்களுக்கும் இதேதான்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த 49 பேரில் ஒரு பெண்கூட இல்லை.

ஏற்பி இல்லையென்றால் ஹார்மோன் எவ்வளவு இருந்தும் பயனில்லை என்பதற்கு ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீன்யோவின் வாழ்க்கையே சாட்சி. 1985ல் ஜப்பானின் கோபேயில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுகளின்போது குரோமோசோம் சோதனையில் அவருக்கு எக்ஸ்ஒய் என்று வந்தது. அவருடைய உடல் ஆண்ட்ரோஜனுக்கு முழுக்கவே செவிசாய்க்காத வகை, அதாவது ஏற்பி வேலை செய்யாது. ஹார்மோன் இருந்தும் அது தசைக்கு எந்தச் செய்தியையும் சொல்லவில்லை, ஓட்டத்தில் எந்த அனுகூலமும் தரவில்லை. ஆனாலும் அவரைப் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள், சோதனை முடிவு பத்திரிகைகளுக்குக் கசிந்தது, உதவித்தொகை போனது. 1988ல்தான் திரும்பச் சேர்த்தார்கள். ஏற்பியைப் பார்க்காமல் ஒரு பரிசோதனை முடிவை மட்டும் பார்த்தால் ஒரு மனிதருக்கு என்ன நடக்கும் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

இதை வைத்து ரத்த அளவுக்கு அர்த்தமே இல்லை என்ற மறுகோடிக்கும் போய்விடக் கூடாது. கரோலின்ஸ்காவில் நடந்து 2020ல் வெளியான பரிசோதனையில், உடற்பயிற்சி செய்யும் ஆரோக்கியமான 48 இளம் பெண்களில் பாதிப்பேர் தினமும் 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் கிரீம் பூசிக்கொண்டார்கள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத கிரீம். 10 வாரத்தில் மருந்துக் குழுவின் அளவு 0.9லிருந்து 4.3 நானோமோலுக்கு ஏறியது, கொழுப்பில்லா எடை சுமார் 0.9 கிலோ கூடியது, களைத்து நிற்கும்வரை ஓடும் நேரமும் நீண்டது. ஆக, பெண்ணின் தசையில் ஆண்ட்ரோஜன் ஏற்பி தயாராகத்தான் இருக்கிறது, ஹார்மோன் வந்தால் வேலை செய்கிறது. பருவ வயதிலிருந்து பல ஆண்டுகள் நீடிக்கும் பெரிய ரத்த வித்தியாசமும், ஒரு பயிற்சிக்குப் பிறகு அரை மணி நேரம் ஏறி இறங்கும் வித்தியாசமும் ஒன்றல்ல என்று புரிந்தால் இந்த முடிவுகள் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

மெத்தட்ஸ் பகுதியில் உட்காருங்கள்

சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராக முடிவுக்குப் போகிற பழக்கத்தை விட்டுவிட்டு, முறைகளைச் சொல்லும் பகுதியில் நிதானமாக உட்காருங்கள். இந்தத் துறையில் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

தசை மாதிரியைப் பெரும்பாலும் தொடையின் வெளிப்புறத் தசையிலிருந்து எடுப்பார்கள். ஸ்வீடனின் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் 1962ல் பிரபலப்படுத்திய ஊசிதான் இன்றும் வழக்கம். மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு கீறல் வழியாக உள்ளே விட்டு, சுமார் 100 மில்லிகிராம் துணுக்கு எடுத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் உறைய வைத்தார்கள் என்பது முக்கியம், தாமதித்தால் புரதத்தின் வேலையை மாற்றுவதற்காக செல் அதில் ஒட்டிவைக்கும் பாஸ்பேட் குறிகளை செல்லிலேயே இருக்கும் நொதிகள் பிய்த்துவிடும்.

அந்தத் துணுக்கு தசைநார் மட்டும் கிடையாது. கொழுப்பு, ரத்தக்குழாய், இணைப்புத்திசு எல்லாம் சேர்ந்துதான் வரும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ரத்தக்குழாயின் உட்சுவரிலும் கொழுப்பு செல்லிலும் இருப்பதால், துணுக்கைச் சுத்தம் செய்தார்களா என்று தேடுங்கள். தசைநாரின் வகையும் குறுக்கே வரும். அதே தொடைத் தசையில் பெண்களுக்கு மெதுவாகச் சுருங்கும் முதல் வகை நார்கள் கூடுதல் பரப்பைப் பிடித்திருக்கும், ஆண்களுக்கு வேகமான இரண்டாம் வகை நார்கள் பெரிதாக இருக்கும். ஏற்பியின் அளவில் தெரியும் வித்தியாசம் ஆண்-பெண் என்பதாலா, நார்வகைக் கலவை வேறு என்பதாலா? நார்வகையைத் தனியாகப் பார்க்காத கட்டுரையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அப்புறம் யாரை எடுத்தார்கள் என்று பாருங்கள். ஐந்து வருடமாக வெயிட் தூக்கும் ஆண்களையும் இப்போதுதான் தொடங்கிய பெண்களையும் ஒப்பிட்டால் அது பயிற்சி வித்தியாசம். மாதிரி எடுத்த நேரம் காலையா மாலையா, வெறும் வயிறா, முந்தைய நாள் பயிற்சி செய்தார்களா என்பவையும் வேண்டும், கார்ட்டிசாலும் டெஸ்டோஸ்டிரோனும் காலையில் உச்சத்தில் இருப்பவை.

பெண் பங்கேற்பாளர்கள் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். "மாதவிடாய் சுழற்சியின் முதல் பாதியில் மாதிரி எடுத்தோம்" என்று எழுதியிருந்தால், அதை எப்படி உறுதிப்படுத்தினார்கள்? நாள்காட்டியில் எண்ணியது போதாது. ரத்தத்தில் ஹார்மோனை அளந்திருக்க வேண்டும், முட்டை வெளியானதைச் சிறுநீர்ப் பரிசோதனையில் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. பிற்பாதி என்று சொன்னால் புரோஜெஸ்ட்ரோன் 16 நானோமோலைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது இத்துறையில் பலர் பரிந்துரைக்கும் எல்லைக்கோடு. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒரே குழுவில் போட்டிருந்தால் அந்தக் குழுவின் சராசரிக்கு என்ன பொருள் என்று சொல்வது கஷ்டம். அந்த மாத்திரை உடலின் சொந்த ஈஸ்ட்ரடையாலை அமுக்குகிறது, டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் எஸ்ஹெச்பிஜி என்ற ரத்தப் புரதத்தை ஏற்றிவிடுகிறது.

"இதெல்லாம் சிக்கல், அதனால் பெண்களைச் சேர்க்கவில்லை" என்ற வரியையும் சில கட்டுரைகளில் பார்ப்பீர்கள். விளையாட்டு, உடற்பயிற்சி ஆய்விதழ்களைத் தொகுத்துப் பார்த்த 2014 ஆய்வு, பங்கேற்பாளர்களில் பெண்கள் 39 சதவீதம்தான் என்று கண்டது. மக்கள்தொகையில் பாதியாக இருப்பவர்களின் உடலைச் சிக்கல் என்று ஒதுக்கிவிட்டு, வந்த முடிவை மட்டும் எல்லோருக்கும் பொது என்று எழுதுவது நியாயமே இல்லை.

அளந்தது எது: செய்தியா, புரதமா, அதன் நிலையா?

ஏற்பியை அளந்தோம் என்று சொல்லும்போது அது மூன்றில் ஒன்றாக இருக்கும். எம்ஆர்என்ஏ என்றால் புரதம் செய்யச் சொல்லும் குறிப்பு மட்டும்தான், குறிப்பு கூடினால் புரதமும் கூடும் என்று உறுதியில்லை. மொத்தப் புரதம் என்றால் ஏற்பி எவ்வளவு கிடக்கிறது என்று தெரியும், எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியாது. பாஸ்பேட் ஒட்டிய ஏற்பி, அல்லது நியூக்ளியஸுக்குள் போன ஏற்பி என்றால் வேலைக்குச் சற்று அருகில் வந்துவிட்டோம்.

இந்தப் பாஸ்பேட் குறிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது, ஆண்-பெண் வேறுபாட்டைத் தேடும் புதிய கட்டுரைகள் இங்கேதான் தோண்டுகின்றன. புரதச் சங்கிலியில் செரின் என்ற அமினோ அமிலம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து இவற்றுக்குப் பெயர்: ஆண்ட்ரோஜன் ஏற்பியில் செரின் 81, 213, 515, 650 ஆகிய இடங்களும், குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியில் செரின் 134, 211, 226 ஆகிய இடங்களும் அடிக்கடி வரும். 211 ஹார்மோன் ஒட்டும்போது கூடுவது. 134 ஹார்மோன் இல்லாமலேகூட, செல் நெருக்கடியில் இருக்கும்போது பி38 என்ற நொதியால் குறிக்கப்படுவது. ஆண்ட்ரோஜன் ஏற்பியின் 650ஐயும் இப்படி நெருக்கடி நொதிகள் குறிக்கின்றன, அது ஏற்பியை நியூக்ளியஸிலிருந்து வெளியே அனுப்பும் பக்கம் வேலை செய்கிறது. அதாவது "பாஸ்பேட் கூடியது" என்றால் "ஏற்பி சுறுசுறுப்பாகிவிட்டது" என்று பொருள் கொள்ளக் கூடாது, எந்த எண் என்று பார்க்க வேண்டும். உடற்பயிற்சி இதே நொதிகளைத்தான் கிளப்புகிறது என்பதால், ரத்தத்தில் ஹார்மோன் மாறாமலேகூட ஏற்பியின் நடத்தை மாறலாம். டெஸ்டோஸ்டிரோன் அவ்வளவாக ஏறாத பெண்ணின் தசை, பயிற்சிக்கு எப்படிச் செவிசாய்க்கிறது என்பதற்கு இது ஒரு வழியாக இருக்கலாம் என்பதால்தான் இந்த ஆய்வுகள் எனக்கு இவ்வளவு பிடிக்கின்றன. ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆண்ட்ரோஜன் ஏற்பியின் இந்த இடங்கள் என்ன செய்கின்றன என்பது பெரும்பாலும் புராஸ்டேட் புற்றுநோய் செல்களை வைத்துத் தெரிந்துகொண்டது. தசையில் அப்படியே நடக்கிறது என்று கட்டுரை சொன்னால், அதை அங்கே காட்டினார்களா, ஊகித்தார்களா என்று பாருங்கள்.

வெஸ்டர்ன் பிளாட் படத்தை, அதாவது புரதத்தின் அளவைப் பட்டைகளாகக் காட்டும் படத்தைப் பார்க்கும்போது இரண்டு இடங்களில் நில்லுங்கள். ஒன்று, தேடும் புரதத்தைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவைக் கண்டுபிடிப்பதாக விற்கப்பட்ட 13 ஆன்டிபாடிகளை 2017ல் ஒரு குழு முறையாகச் சோதித்தது, எல்லா முறைகளிலும் பீட்டாவை மட்டும் சரியாகப் பிடித்தது ஒன்றே ஒன்று. மற்றவை வேறு எதையோ பிடித்து அதை பீட்டா என்று காட்டிக்கொண்டிருந்தன. ஆகவே தசையில் பீட்டா பற்றி எழுதிய பழைய கட்டுரைகளை எந்த ஆன்டிபாடி என்று பார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

இரண்டாவது, ஒப்பீட்டுக்கு வைத்த புரதம். எல்லா மாதிரியிலும் சமமாக இருக்கும் என்று நம்பி ஒரு புரதத்தை வகுக்கும் எண்ணாக வைப்பார்கள், பலருக்கும் அது ஜிஏபிடிஹெச். அது குளூக்கோஸை உடைக்கும் பாதையில் உள்ள நொதி. அந்தப் பாதையின் நொதிகள் ஆண்களின் தசையில் பொதுவாகக் கூடுதல். வகுக்கும் எண்ணே ஆண்களுக்குப் பெரிதாக இருந்தால், ஏற்பி சமமாக இருந்தாலும் பெண்களுக்கு அதிகம் என்று விடை வரும். மாதிரியில் உள்ள எல்லாப் புரதத்தையும் சாயமேற்றி அளந்து அதனால் வகுத்திருந்தால் நம்பிக்கை கூடும். பாஸ்பேட் அளவை எதனால் வகுத்தார்கள் என்பதும் அதே மாதிரிதான்: மொத்த ஏற்பியால் வகுத்தால் "இருக்கும் ஏற்பியில் எத்தனை பங்கு குறியிடப்பட்டது" என்று பொருள், மொத்தப் புரதத்தால் வகுத்தால் "குறியிடப்பட்டது எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று பொருள். இரண்டு விடைகளும் எதிரெதிராக வரலாம், இரண்டும் சரியாகவும் இருக்கலாம்.

மாதிரி எடுத்த நேரமும் விடையை மாற்றும். பயிற்சி பழகிய ஆண்களையும் பெண்களையும் கனமாக ஸ்குவாட் செய்ய வைத்து, செய்வதற்கு முன்னும், 10 நிமிடத்திலும், 70 நிமிடத்திலும் தசையை எடுத்த 2009 ஆய்வில், ஆண்ட்ரோஜன் ஏற்பியின் அளவு குறைந்த நேரம் இரு பாலாருக்கும் ஒன்றாக இல்லை. ஒரே ஒரு நேரத்தில் எடுத்திருந்தால் "ஒருவருக்குக் குறைகிறது, மற்றவருக்கு இல்லை" என்று எழுதியிருப்பார்கள்.

எலியா, மனிதரா

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆண்ட்ரோஜன் ஏற்பியை நீக்கிய எலிகளில் ஆண் எலிக்குத் தசை குறைகிறது, பெண் எலிக்குக் குறைவதில்லை. மனிதப் பெண்ணுக்கு அப்படித்தான் என்று இதை நீட்டினால், மேலே சொன்ன கிரீம் பரிசோதனை இடிக்கும். மறுபுறம், ஈஸ்ட்ரோஜன் போனால் தசையைப் பழுதுபார்க்கும் சாட்டிலைட் செல்கள் குறைகின்றன என்று பெண் எலிகளில் காட்டிய 2019 ஆய்வு, மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்களின் தசைத் துணுக்குகளிலும் அதே போக்கைப் பார்த்தது. எலியில் தொடங்கி மனிதரிடமும் சரிபார்த்த இந்த மாதிரி வேலைக்குத்தான் கூடுதல் எடை கொடுக்க வேண்டும்.

புள்ளியியலில் ஒரே ஒரு கேள்வி

"ஆண்களிடம் மாற்றம் குறிப்பிடத்தக்கதாக இருந்தது, பெண்களிடம் இல்லை, எனவே ஆண்-பெண் வேறுபாடு உள்ளது." இந்த வாக்கியத்தைப் பார்த்தால் நிறுத்துங்கள். பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால்தான் மாற்றத்தைக் குறிப்பிடத்தக்கது என்பது வழக்கம், ஆனால் ஆண்களுக்கு அது 0.04, பெண்களுக்கு 0.07 என்று வந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு மாற்றமாக இருக்கலாம். வேறுபாடு இருக்கிறது என்று சொல்ல, இரு குழுக்களின் மாற்றங்களை நேருக்கு நேர் ஒப்பிட்டிருக்க வேண்டும், பாலினமும் நேரமும் சேர்ந்த ஊடாட்டச் சோதனை என்று கட்டுரையில் இருக்கும். உயிரியல் கட்டுரைகளை இந்தக் கண்ணோடு அலசிய 2021 ஆய்வு ஒன்று, ஆண்-பெண் வேறுபாடு இருப்பதாக அறிவித்த பல கட்டுரைகள் அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை என்று காட்டியது. தசைத் துணுக்கு எடுக்கும் ஆய்வுகளில் ஒரு பக்கத்துக்கு 8 பேர், 10 பேர் என்பது சகஜம், அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இது இன்னும் ஆபத்து. தனித்தனிப் புள்ளிகளைக் காட்டும் படம் இருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள், ஆண்களின் புள்ளிகளும் பெண்களின் புள்ளிகளும் எவ்வளவு கலந்து கிடக்கின்றன என்று கண்ணுக்கே தெரியும்.

இதை வைத்து என்ன செய்வது

மொத்தத் தசையில் வித்தியாசம் உண்டு: 468 பேரை எம்ஆர்ஐயில் பார்த்த 2000ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி ஆணுக்கு 33 கிலோ எலும்புத்தசை, பெண்ணுக்கு 21 கிலோ. ஆனால் வெயிட் பயிற்சிக்கு வளர்வது வேறு கணக்கு. 2020ல் வந்த தொகுப்பாய்வில் தசை வளர்ச்சியின் விகிதத்தில் ஆண்-பெண் வித்தியாசம் தெரியவில்லை, மேலுடல் வலுவில் பெண்களின் ஏற்றம் விகிதப்படி இன்னும் கூடுதலாகவே இருந்தது. ஆகவே ஏற்பி ஆய்வு எதைப் படித்தாலும் அதை வைத்து ஒரு பெண்ணிடம் "நீங்கள் லேசாகத் தூக்கினால் போதும்" என்று சொல்ல இடமே இல்லை. டிரெயினராக இருந்தால் அவருடைய பலத்துக்குத் தக்க எடையைக் கொடுத்து, வாரா வாரம் ஏற்றுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு இது இன்னும் அவசரமான விஷயம், ஈஸ்ட்ரோஜன் போன பிறகும் பயிற்சி என்ற செய்தியைத் தசை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஏற்பி கூடினால் நல்லது என்று படித்துவிட்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசியையோ ஜெல்லையோ தேடிப் போகாதீர்கள். 1996ல் ஆண்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பரிசோதனை தசை வளர்வதைக் காட்டியது உண்மை, அது 10 வாரம் மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. பெண்களுக்கு அதிக அளவில் போனால் குரல் கட்டையாவது பெரும்பாலும் திரும்பாது. ஹார்மோன் அளவில் சந்தேகம் இருந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள்.

செமினாருக்குப் படிக்கிறவர்கள் ஒரு தாளில் இதை எழுதிக்கொண்டு உட்காருங்கள்: எந்த ஏற்பி, எம்ஆர்என்ஏவா புரதமா பாஸ்பேட்டா, எந்த ஆன்டிபாடி, எதனால் வகுத்தார்கள், பெண்களின் சுழற்சி நிலையை எப்படி உறுதிசெய்தார்கள், ஊடாட்டச் சோதனை உண்டா. பதில் கிடைக்காத இடங்களுக்கு எதிரே கோடு போடுங்கள். அப்புறம் கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கான ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும், விடுபட்டதை இரண்டு வரியில் மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள். வெட்டாத முழு பிளாட் படத்தையும் சேர்த்தே கேளுங்கள், பல இதழ்கள் அதைத் துணைக்கோப்பாகப் போடச் சொல்கின்றன, எனவே அங்கேயும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.